கச்சான் காற்றில் பாதி வழியில் நிற்கும் மோட்டார்: பற்றரியா, ப்ரொப்பா, வெயிலா?

உப்புவெளிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில் சித்திரை வரைக்கும் ஒழுங்காகப் பறந்த என் ரிமோட் மாதிரி விமானம், கச்சான் காற்று வீசத் தொடங்கிய பிறகு ஏறி நான்கு நிமிடத்தில் மோட்டாரை விட்டுவிடுகிறது.

விவரம்: சிறகு மேலே இருக்கும் ஃபோம் விமானம், பற்றரியோடு 1.2 கிலோ. 1000 கேவி பிரஷ்லெஸ் மோட்டார், 30 அம்பியர் ஈ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), 11க்கு 5.5 ப்ரொப் (விட்டமும் பிட்சும் அங்குலத்தில்), 3 செல் 2200 மில்லிஅம்பியர் மணி லைப்போ (லித்தியம் பொலிமர் பற்றரி). பற்றரி கொஞ்சம் பழசு, வீங்கவில்லை. முதலில் மோட்டார் விட்டுவிட்டு இழுக்கும், பிறகு முழுதாக நின்றுவிடும். சுக்கானும் எலிவேட்டரும் (மூக்கை மேலும் கீழும் திருப்பும் வால் பலகை) கடைசி வரை வேலை செய்கின்றன. இறக்கிய பிறகு அளந்தால் 11.5 வோல்ட் காட்டுகிறது, அதாவது கிட்டத்தட்டப் பாதி சார்ஜ் மிச்சம் கிடக்கிறது.

கழகத்தில் ஒருவர் புதுப் பற்றரி வாங்கு என்கிறார், இன்னொருவர் ஈ.எஸ்.சி. போய்விட்டது என்கிறார். இரண்டும் கொழும்பிலிருந்துதான் வர வேண்டும். காசு போடும் முன் இங்கே கேட்கலாம் என்று நினைத்தேன்.

கம்பியும்_ஈயமும்

தம்பி, இப்போதைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம்.

சுக்கானை அசைக்கும் சேர்வோக்கள் வேலை செய்கின்றன என்றால் ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவருக்குக் கரண்ட் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே மோட்டாரை மட்டும் ஈ.எஸ்.சி. வேண்டுமென்றே வெட்டுகிறது. அது வெட்டுவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம்: வோல்ட் தன் எல்லைக்குக் கீழே போயிருக்கும், அல்லது அது தானே சூடேறியிருக்கும். பிரித்து அறிய ஒரு வழி உண்டு. மோட்டார் நின்றதும் த்ராட்டிலை (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்பை) அடிமட்டத்துக்கு இறக்கி, ஓரிரு செக்கன் விட்டு, பாதி வரைக்கும் மட்டும் ஏற்றுங்கள். உடனே இழுத்தால் அது வோல்ட் பிரச்சினை. சூடு என்றால் அத்தனை கெதியாக மன்னிக்காது.

அடுத்தது, வாட் மீட்டரைப் பற்றரிக்கும் ஈ.எஸ்.சி.க்கும் நடுவில் போட்டு, முழு த்ராட்டிலில் எத்தனை அம்பியர், எத்தனை வோல்ட் என்று எழுதி அனுப்புங்கள். ஒருவர் வாலையும் உடலையும் பிடித்துக்கொள்ள வேண்டும். ப்ரொப் சுழலும் தளத்தில், அதாவது அதற்கு நேர் பக்கவாட்டில், ஒருவரும் நிற்கக் கூடாது. அலகு தெறித்தால் அந்தத் திசையில்தான் வரும்.

உவர்மலை_ஐயா

மின்சாரத்தைத் தம்பி சொல்லிவிட்டார். காற்றைப் பற்றி நான் சொல்கிறேன். சித்திரைக்கும் இன்றைக்கும் இடையில் மாறியது அதுதான்.

மேற்கே மழையைக் கொட்டிவிட்டு மலையிலிருந்து கீழே இறங்கும் தென்மேல் பருவக்காற்று, ஈரம் எல்லாம் போய், சூடாகி, நம் பக்கம் கச்சானாக வருகிறது. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை இதே கதைதான். வெயில் ஏற ஏற அதன் வேகமும் ஏறும். வெப்பம் 35 பாகை என்றால், 15 பாகையில் இருப்பதைவிடக் காற்றின் அடர்த்தி சுமார் 6 வீதம் குறைவு. சிறகுக்கும் ப்ரொப்புக்கும் பிடிமானம் அந்த அளவு குறைகிறது.

அதைவிடப் பெரிய விஷயம் திசை. நிலாவெளியிலோ உப்புவெளியிலோ கரையில் நின்று பறக்கவிட்டால் கச்சான் நிலத்திலிருந்து கடலுக்கு வீசுகிறது. உங்கள் விமானம் மணிக்கு 40 கிலோமீற்றரில் பறக்கிறது, காற்று 30 என்று வையுங்கள். காற்றோடு போகும்போது தரைக்கு மேல் வேகம் 70. கடலுக்கு மேல் 300 மீற்றர் தள்ளிப்போக 15 செக்கன் போதும். திரும்பி வரும்போது வேகம் வெறும் 10. அதே 300 மீற்றரைக் கடக்க 108 செக்கன், அதுவும் முழு த்ராட்டிலில். நான்கு நிமிடப் பறப்பில் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் ஒரே ஒரு தடவை கரைக்குத் திரும்புவதற்கே போய்விடுகிறது.

சித்திரையில் நீங்கள் பாதி த்ராட்டிலில் பறந்திருப்பீர்கள். இப்போது பெரும்பாலும் முழு த்ராட்டில். பற்றரி பழசாகியிருப்பது இப்போதுதான் வெளியே தெரிகிறது.

கிண்ணியா_சிறகு

ஐயா சொல்வது சரி. ஆனால் கச்சான் காலம் முழுக்க விமானத்தைச் சுவரில் மாட்டி வைக்கவும் முடியாது. விடிய 6 மணிக்குப் போய் 8 மணிக்கு முன் முடித்துவிட்டால் காற்று அவ்வளவு இருக்காது. சிறகின் நடுவில் கொஞ்சம் ஈயக்கட்டி வைத்தால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் என்பது என் எண்ணம். கிளைடர்காரர் அப்படித்தான் செய்கிறார்கள்.

இன்னொன்று. தம்பி, கரையில் இறக்குகிறீர்கள் என்றால் மோட்டாரைக் கழற்றிப் பாருங்கள். நம் மாவட்டத்துக் கரை மணலில் கறுப்பாக ஒரு பொடி இருக்கிறதே, புல்மோட்டையில் அகழ்ந்து எடுக்கும் இல்மனைட் வகை, அதைப் பலமான காந்தம் பிடித்து இழுக்கும். பிரஷ்லெஸ் மோட்டாரின் கூட்டுக்குள் இருப்பதும் பலமான காந்தம்தான். காந்தத்துக்கும் சுருளுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. அதற்குள் அந்தப் பொடி போய் ஒட்டிக்கொண்டால் உரசும், சூடேறும், கரண்டும் கூடும். ஊதினால் போகாது. ஒட்டும் நாடாவை மடித்து உள்ளே அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும்.

உவர்மலை_ஐயா

ஈயக்கட்டியை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், தம்பி. மலைச்சரிவில் பறக்கும் கிளைடருக்குத் தூக்கும் சக்தியைக் காற்றே கொடுக்கிறது. நம் விமானம் ஏறுவது பற்றரியில். எடை கூடினால் விழாமல் பறக்கத் தேவையான குறைந்த வேகமும் கூடும், அதற்கு வாட்ஸும் கூடும். ஏற்கெனவே திணறும் பற்றரியின் தலையில் இன்னும் சுமை ஏற்றுவது ஏன்? இறக்கும் வேகமும் கூடிவிடும்.

விடியற்காலைப் பேச்சு முற்றிலும் சரி. அத்துடன் மரவரிசையையும் கவனியுங்கள். கச்சான் பனைகளையும் கட்டடங்களையும் தாண்டி வரும்போது அவற்றின் பின்னால் உருண்டு சுழலும். மரத்தின் உயரத்தைப்போல் பல மடங்கு தூரத்துக்கு அந்தக் குழப்பம் இருக்கும். இறக்க வரும் விமானம் கடைசி நேரத்தில் திடீரென்று ஒரு பக்கம் சாய்கிறதென்றால் காரணம் அங்கேதான். பனைக்கு அருகில் இறக்காதீர்கள்.

உப்புவெளிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. அளந்துவிட்டேன்.

முழுசாகச் சார்ஜ் ஏற்றி, சும்மா இருக்கையில் 12.5 வோல்ட். முழு த்ராட்டிலில் 31 அம்பியர், வோல்ட் 10.3க்கு இறங்குகிறது, 319 வாட்ஸ். மோட்டார் நின்றதும் த்ராட்டிலை இறக்கி ஏற்றினால் பாதியில் உடனே இழுக்கிறது. கிண்ணியா நானா சொன்னபடி மோட்டாருக்குள் கறுப்புப் பொடி நிறைய இருந்தது. எடுத்துவிட்டுத்தான் அளந்தேன். எடுத்த பிறகும் 31தான்.

கம்பியும்_ஈயமும்

இந்த இலக்கங்களிலேயே பதில் இருக்கிறது.

12.5இலிருந்து 10.3க்கு 2.2 வோல்ட் விழுகிறது. அதை 31ஆல் வகுத்தால் 0.071 ஓம், அதாவது 71 மில்லிஓம். வயர், கனெக்டர் எல்லாம் சேர்த்துச் செல்லுக்கு 24 மில்லிஓம் போல வருகிறது. இந்த அளவுப் பற்றரி புதிதாக, நல்லதாக இருந்தால் செல்லுக்கு 10க்குக் கீழே இருக்கும். ஆகவே உள்தடை ஏறிவிட்டது, பற்றரி களைத்துவிட்டது.

இனிப் பாதி சார்ஜில் என்ன நடக்கிறது பாருங்கள். சும்மா இருக்கையில் 11.5. முழு த்ராட்டில் கொடுத்தால் 11.5இலிருந்து 2.2 கழிய 9.3. பல ஈ.எஸ்.சி.க்கள் செல்லுக்கு 3.2 வோல்ட், மூன்று செல்லுக்கு 9.6இல் வெட்டும். 9.3 அதற்குக் கீழே, ஆகவே வெட்டுகிறது. மோட்டார் நின்றதும் சுமை போய் வோல்ட் மீண்டும் 11.5க்கு ஏறிவிடுகிறது. நீங்கள் தரையில் அளக்கும்போது பாதி சார்ஜ் மிச்சம் இருப்பதாகத் தெரிவது இதனால்தான். ஈ.எஸ்.சி. தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. அதைக் குறை சொல்லாதீர்கள்.

அடுத்தது ப்ரொப். அந்த மோட்டாரின் பெட்டியில் எத்தனை அம்பியர் என்று போட்டிருக்கிறது? அந்த அளவு மோட்டார்கள் பல 20 முதல் 25 வரைக்குத்தான். 31 இழுப்பது மோட்டாருக்கும் ஆகாது, 30 அம்பியர் ஈ.எஸ்.சி.க்கும் ஆகாது. ப்ரொப் எடுக்கும் சக்தி விட்டத்தின் நான்காம் அடுக்கோடு ஏறும். 11இலிருந்து 10க்கு இறங்குவது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைகிறது. 10க்கு 5 போட்டுப் பாருங்கள். 20 அம்பியர் போல வரும். அப்போது வோல்ட் விழுவது 1.4 மட்டுமே. பாதி சார்ஜிலும் 10.1 நிற்கும், வெட்டாது. 20 அம்பியரும் 11.1 வோல்ட்டும் 222 வாட்ஸ், 1.2 கிலோவுக்கு வகுத்தால் கிலோவுக்கு 185. பயிற்சி விமானத்துக்குத் தாராளம்.

த்ராட்டில் டைமரை நேரத்தால் அல்ல, சார்ஜரால் வையுங்கள். ஒரு பறப்புக்குப் பிறகு சார்ஜர் எத்தனை மில்லிஅம்பியர் மணி திரும்ப ஏற்றுகிறது என்று பாருங்கள். 2200இல் 80 வீதம் என்றால் 1760. அதைத் தாண்டாமல் நேரத்தைக் கூட்டிக் குறையுங்கள்.

முதல்சிறகு

நான் புதிது, பத்தாம் வகுப்பு. இன்னும் விமானம் இல்லை. அண்ணாமார் பேசுவதில் பாதிதான் விளங்குகிறது. ரிஜிபோமில் நானே ஒன்று செய்யலாமா? அம்மா லைப்போ வெடிக்கும் என்று பயப்படுகிறார். வீட்டுக்குள் சார்ஜ் போட விடமாட்டேன் என்கிறார்.

கிண்ணியா_சிறகு

தாராளமாகச் செய்யலாம், தங்கச்சி. நான் தொடங்கியதே மீன் பெட்டி ரிஜிபோமில்தான். ஒரே ஒரு எச்சரிக்கை: சுப்பர் குளூ ரிஜிபோமைக் கரைத்துவிடும். குளூ கன்னை மிதமான சூட்டில் பாவியுங்கள், அல்லது ஐந்து நிமிட எப்பொக்சி. சிறகின் நடுவே மூங்கில் சிம்போ கார்பன் குழாயோ வையுங்கள். மேலே அகலமான ஒட்டும் நாடா சுற்றினால் பலமும் வரும், கடல் ஈரமும் உள்ளே போகாது. நல்ல வெயிலில் வெளியே கிடத்தி வைக்காதீர்கள், சிறகு முறுக்கிக்கொள்ளும்.

பறக்குமா பறக்காதா என்பதைத் தீர்மானிப்பது சமநிலைப் புள்ளிதான். முன் விளிம்பிலிருந்து பின் விளிம்பு வரை சிறகின் அகலம் 20 சென்றிமீற்றர் என்றால், முன் விளிம்பிலிருந்து 5 முதல் 6 சென்றிமீற்றருக்குள் இரண்டு விரலால் தூக்கிப் பிடிக்கும்போது விமானம் சமமாக நிற்க வேண்டும், மூக்கு லேசாகத் தாழ்ந்தாலும் நல்லது. வால் பக்கம் தாழ்ந்தால் கையிலிருந்து விடவே வேண்டாம். பற்றரியை முன்னே தள்ளி வைத்தே இதைச் சரிசெய்யலாம்.

கம்பியும்_ஈயமும்

அம்மாவின் பயம் நியாயமானது, தங்கச்சி. அவர் சொல்வதை வைத்தே ஒழுங்கு செய்யுங்கள்.

லைப்போவுக்குரிய, ஒவ்வொரு செல்லையும் சமமாக ஏற்றும் பாலன்ஸ் சார்ஜர் மட்டும். போன் சார்ஜர் வயரை வெட்டி இணைக்கும் வேலை கூடவே கூடாது. செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக்கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழ் ஒருபோதும் இறங்கக்கூடாது. 2200 பற்றரிக்கு 2.2 அம்பியரில் சார்ஜ் போடுங்கள், ஒரு மணித்தியாலம் போல எடுக்கும். வீட்டுக்கு வெளியே சீமெந்துத் தரையில், பெரிய மண்சட்டிக்குள் பற்றரியை வைத்து, பக்கத்தில் ஒரு வாளி காய்ந்த மணல். சார்ஜ் முடியும் வரை ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். படுக்கும்போது சார்ஜ் போடக்கூடாது. பறந்து முடிந்த சூட்டோடும் போடக்கூடாது, ஆறவிடுங்கள். வெயிலில் பூட்டிய காருக்குள்ளோ ஓட்டோவுக்குள்ளோ பற்றரியை விட்டுப்போகவும் வேண்டாம். ஓரிரு நாள் பறக்கப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்திருங்கள். முழுசாக ஏற்றிக் கிழமைக்கணக்கில் வைப்பதாலும் உள்தடை ஏறும். உப்புவெளித் தம்பியின் பற்றரி அப்படிக் களைத்திருக்கவும் கூடும்.

கேவி என்றால் ஒரு வோல்ட்டுக்குச் சுமை இல்லாமல் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது. 1000 கேவியும் 11.1 வோல்ட்டும் என்றால் 11,100 சுற்று. ப்ரொப் போட்டதும் அது குறையும்.

மேசையில் வைத்துச் சரிபார்க்கும்போது ப்ரொப்பைக் கழற்றிவிடுங்கள். இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. கழற்றிய நிலையில் மோட்டாரை ஓட்டி, ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். மோட்டார் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஃபெயில்சேஃப் (சிக்னல் அறுந்தால் மோட்டாரை நிறுத்தும் ஏற்பாடு) சரியாகப் பதியவில்லை.

தம்பலகாமத்தான்

கரை, கரை என்று ஏன் கஷ்டப்படுகிறீர்கள்? எங்கள் பக்கம் அறுவடை முடிந்த வயல் பரந்து கிடக்கிறது. உப்பும் இல்லை, கறுப்பு மணலும் இல்லை, விழுந்தால் கடலில் விழவும் மாட்டாது. மாடுகளைக் கொஞ்சம் கவனித்தால் போதும். வயல்காரரிடம் நான் கதைக்கிறேன். எல்லோரும் வாருங்கள்.

உவர்மலை_ஐயா

அழைப்புக்கு நன்றி, தம்பி. வயல் நல்ல வயல்தான். ஆனால் தம்பலகாமத்துக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. சீனன்குடா விமானத்தளம். விமானப்படையின் பயிற்சிக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. பிரி-6 விமானத்தில் பழகும் இளம் பிள்ளைகள் அந்த வானத்தில்தான் தனியாகப் பறக்கப் பழகுகிறார்கள். தாழப் பறக்கும் ஒரு விமானத்தின் முன்னே நம் ஒரு கிலோ ஃபோம் வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

சட்டமும் தெளிவு. ஆளில்லாமல் பறப்பவை எல்லாம் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் கட்டுப்பாட்டுக்குள் வரும். 2019 ஏப்ரல் 25ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின், ட்ரோனையும் ஆளில்லா விமானத்தையும் முற்றாகத் தடை செய்தார்கள். அதை அனுபவித்த ஊர் இது. விமானத்தளம், கடற்படைத் தளம், பிரட்ரிக் கோட்டை என்று நம் நகரத்தைச் சுற்றி எங்கும் காவல் இடங்கள். நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவு 2003 முதல் தேசிய பூங்கா, அதன் மேலும் போகக் கூடாது. வெளிநாட்டிலிருந்து ரிமோட் வரவழைப்பதென்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியும் பார்க்க வேண்டும்.

நான் பறக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. சீனன்குடாவிலிருந்து எழுந்த ஹரிக்கேன் விமானங்கள் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்களை எதிர்த்தன. அந்த ஹரிக்கேனை பத்தில் ஒரு பங்கு அளவில் கட்டிக்கொண்டிருக்கிறேன். உண்மையானதன் சிறகு 40 அடி, என்னுடையது 122 சென்றிமீற்றர். தடித்த சிறகு, சில்லுகளுக்கு இடையில் நல்ல அகலம். கட்டாந்தரையில் இறக்க அதைவிட நல்ல போர்விமானம் கிடையாது. அதை ஒழுங்கான ஒரு புல்வெளியில், அனுமதியோடு, பயமில்லாமல் ஏற்ற வேண்டும் என்பது என் ஆசை.

தம்பலகாமத்தான்

ஐயா, உங்கள் பேச்சை மதிக்கிறேன். ஆனால் அப்படிப் பார்த்தால் இந்த மாவட்டத்தில் எங்குமே பறக்க முடியாது. பொடியன்கள் பட்டம் விடவில்லையா? பனை உயரத்துக்கு மேல் போகாமல் விட்டால் யாருக்கு இடைஞ்சல்?

கிண்ணியா_சிறகு

பட்டத்துக்குக் கயிறு இருக்கிறது, தம்பி. கயிற்றைப் பிடித்திருப்பவர் யார் என்றும் தெரியும். நம் விமானம் சிக்னல் அறுந்தால் காற்றோடு போய்விடும். கச்சான் நாளில் எங்கே போய் விழும் என்று யாரும் சொல்ல முடியாது. நான் ஐயா பக்கம். குச்சவெளிப் பக்கம் உள்நாட்டு வெளிகள் விமானத்தளத்திலிருந்து நல்ல தூரம். கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி ஓர் இடம் பார்க்கலாம்.

உள்ளே போனால் பருந்துகள் இருக்கும், அதையும் சொல்லி வைக்கிறேன். கூடு கட்டும் காலத்தில் செம்பருந்து நேரே விமானத்தை நோக்கி வரும். வந்தால் த்ராட்டிலைக் குறைத்துத் தாழ இறங்கி வட்டமிட்டு வந்துவிடுங்கள்.  பறவைக்கு ஒரு கீறலும் விழக் கூடாது.

உப்புவெளிக்காரன்

10க்கு 5 போட்டாயிற்று. 20.5 அம்பியர், 11 வோல்ட். காலையில் பறக்கவிட்டேன், மோட்டார் ஒரு தடவையும் வெட்டவில்லை. ஆறு நிமிடத்தில் இறக்கினேன். சார்ஜர் 1500க்குச் சற்று மேலே திரும்ப ஏற்றியது. ஏறும் வேகம் கொஞ்சம் குறைவு, ஆனால் சத்தம் சீராக இருக்கிறது, மோட்டாரைத் தொட்டால் கை சுடவில்லை.

இரண்டு கேள்வி. பழைய பற்றரியைக் கடைசியில் என்ன செய்வது? உப்புத் தண்ணீரில் போட்டு வைக்கச் சொல்கிறார்கள். கரையில் பறந்துவிட்டு வந்தால் என்னென்ன துடைக்க வேண்டும்?

கம்பியும்_ஈயமும்

உப்புத் தண்ணீர் வேண்டாம். கனெக்டரும் கம்பியும் முதலில் அரித்துப்போகும், பிறகு சார்ஜ் உள்ளேயே கிடக்கும். அது வெளியே தெரியாது. காரின் 12 வோல்ட் 21 வாட் பல்பை எக்ஸ்டி60 கனெக்டரில் இணைத்து, திறந்த வெளியில், பக்கத்தில் நின்று, பல்பு முற்றாக அணையும் வரை எரிய விடுங்கள். பிறகு கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் நாடா சுற்றுங்கள். இரண்டையும் சேர்த்து வெட்டினால் பொறி பறக்கும். குப்பை வண்டியில் போடாமல் இலத்திரனியல் கழிவு சேர்ப்பவரிடம் கொடுங்கள். பறக்கும் விமானத்தின் பற்றரி கடலில் நனைந்தால் அதைத் தனியே, வெளியே, மண்சட்டியில் வையுங்கள். காய்ந்துவிட்டது என்று திரும்பச் சார்ஜ் போட வேண்டாம்.

துடைப்பது: நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடல், சிறகு, சேர்வோ கைகள், உருக்குத் தள்ளுகம்பிகள். மோட்டார் பெயரிங்கில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி, அதற்கு மேல் வேண்டாம். ஈ.எஸ்.சி. இருக்கும் அறைக்குக் காற்று உள்ளே வரும் துளையைவிட வெளியே போகும் துளை பெரிதாக இருக்கட்டும். சிறகின் கீல் ஃபோமாக இருந்தால் மெதுவாக மடித்துப் பாருங்கள். வெயிலில் காய்ந்த ஃபோம் சொல்லாமல் உடையும். வெடிப்புத் தெரிந்தால் ஒட்டும் நாடா போதாது, நைலோன் கீல் போடுங்கள்.

முதல்சிறகு

அம்மா இதை எல்லாம் வாசித்தார். மண்சட்டியும் மணலும் இருந்தால் முற்றத்தில் சார்ஜ் போடலாம் என்கிறார். சார்ஜர் வாங்க மாமா உதவுகிறார். குச்சவெளிக்குப் போகும்போது நானும் வரலாமா?

உவர்மலை_ஐயா

கட்டாயம் வாருங்கள், பிள்ளை. அம்மாவையோ மாமாவையோ கூட்டிக்கொண்டு வாருங்கள். முதல் பறப்பில் ரிமோட்டை யாராவது பழகியவர் பிடிக்கட்டும்.

தம்பலகாமத்துத் தம்பிக்கு: உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வானம் பார்க்க ஓர் இடம் வேண்டும் என்றுதானே நீங்களும் கேட்கிறீர்கள். குச்சவெளியோடு வயலையும் சேர்த்தே சிவில் விமான சேவைகள் அதிகாரசபைக்கு எழுதி அனுமதி கேட்போம், முடிவை அவர்கள் சொல்லட்டும். ஆனால் பதில் வரும் வரை அங்கே ஒன்றும் ஏற்றாதீர்கள்.

தம்பலகாமத்தான்

சரி ஐயா. வயல்காரரின் சம்மதக் கடிதத்தை நான் வாங்கித் தருகிறேன். குச்சவெளி இடத்துக்கும் காணிக்காரரின் கடிதம் வேண்டும், நானா அதைப் பார்ப்பாரா? இரண்டு இடத்தின் வரைபடத்தையும் அச்செடுத்துக் கொண்டு வருகிறேன்.

கிண்ணியா_சிறகு

பார்க்கிறேன். விமானங்களின் எடை, சிறகின் நீளம், ரிமோட் 2.4 கிகாஹேர்ட்ஸா என்பதையும் ஒவ்வொருவரும் எனக்கு எழுதி அனுப்புங்கள். விண்ணப்பத்தோடு ஒரு பட்டியலாக இணைத்துவிடலாம். தங்கச்சியின் ரிஜிபோம் விமானத்தையும் சேர்க்கிறேன், கட்டி முடித்ததும் எடையைச் சொல்லுங்கள்.